பட்டம் கிடைத்த பிறகு உளவளத்துணையாளருக்கு எவ்வளவு மேற்பார்வை வேண்டும்?

உளவியலில் பட்டம் முடித்து, சிலர் கலாநிதிப் பட்டமும் பெற்ற பிறகு, “இனி மேற்பார்வை இல்லாமல் பல்கலைக்கழக மாணவர்களை நானே பார்க்கலாம்தானே?” என்று கேட்பார்கள். அமெரிக்காவில் இதற்கு எழுத்திலேயே விடை இருக்கிறது. அங்கே உளவியலாளர் உரிமம் பெறப் பல மாநிலங்கள் பட்டத்துக்குப் பின்னும் மூத்த ஒருவரின் மேற்பார்வையோடு செய்த வேலையைக் கேட்கின்றன. அளவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 1500 முதல் 2000 மணித்தியாலம், அதாவது ஏறக்குறைய ஒரு வருட வேலை, என்பது வழமை. பலர் அந்த வருடத்தைப் பல்கலைக்கழக உளவளத்துணை நிலையத்தில்தான் செய்கிறார்கள். உளவியல் பயிற்சி நிலையங்களின் அமைப்பான அப்பிக் (APPIC), கிழமைக்குக் குறைந்தது 2 மணித்தியாலத் தனி மேற்பார்வையை எதிர்பார்க்கிறது.

யாழ்ப்பாணத்தில் 2000 மணித்தியாலத்தை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த 2 மணித்தியாலத்தை இங்கேயும் ஒழுங்குசெய்யலாம். அதற்குக் காசைவிட நேர ஒழுக்கம்தான் வேண்டும்.

முதலில் உளவளத்துணைக் கதிரையில் இருப்பவர் யார் என்பது தெளிவாக வேண்டும். எங்கள் பல்கலைக்கழகங்களில் ‘மாணவர் ஆலோசகர்’ என்றால் பெரும்பாலும் ஒரு விரிவுரையாளர். பகிடிவதை முறைப்பாடு, ஒழுக்காற்று விடயம், விடுதிப் பிரச்சினை எல்லாம் அவரிடம்தான் போகும். அவரே நாளைக்கு விடைத்தாள் திருத்தவும் கூடும். அவரிடம் தற்கொலை எண்ணத்தைச் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் துணிவு வராது. பயிற்சியில் இருப்பவருக்கு இந்த இரண்டு வேலையையும் சேர்த்துக் கொடுத்தால் பயிற்சியும் கெடும், மாணவரும் வரமாட்டார்.

முதல் சந்திப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் மூன்று விடயங்களைச் சொல்லிவிட வேண்டும். தான் பயிற்சியில் இருப்பவர், தன் வேலையை ஒரு மேற்பார்வையாளர் பார்க்கிறார் என்பது ஒன்று. இங்கே கதைப்பது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வேறொருவரைச் சேர்க்க வேண்டிவரும் என்பது இரண்டாவது. மூன்றாவது, எங்கள் ஊருக்கே உரியது (திருநெல்வேலி என்பது யாழ். பல்கலைக்கழகம் இருக்கும் இடம்): “திருநெல்வேலிச் சந்தையில கண்டால் நான் முதல்ல கதைக்க மாட்டன். நீங்கள் கதைச்சால் கதைப்பன்.” தாய் தகப்பன் தொலைபேசியில் கேட்டால், பிள்ளை வந்தாரா இல்லையா என்பதைக்கூட உறுதிப்படுத்தக் கூடாது. இதைச் சொல்லப் பயிற்சியில் இருப்பவர்கள் கூச்சப்படுவார்கள். அம்மா அழும்போது மறுப்பது இலேசல்ல. அதனால் அந்தப் பதிலை மேற்பார்வையில் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

மாணவர் “மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு வருவது குறைவு. “தலையிடி, நித்திரை இல்லை, ஒரே யோசனை” என்றுதான் வருவார். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்கியூ-9 (PHQ-9) போன்ற வினாக்கொத்து உதவும். மொத்தப் புள்ளி 27. அதில் 10 அல்லது அதற்கு மேல் என்றால் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆனால் அடிக்கடி நடக்கும் பிழை, மொத்தப் புள்ளியை மட்டும் பார்ப்பது. மொத்தம் 7 ஆக இருந்தாலும், சாவு, தன்னைக் காயப்படுத்தும் எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 1 போட்டிருந்தால் அன்றைக்கே நேராகக் கேட்க வேண்டும்: சாக வேண்டும் என்று நினைத்தீர்களா, எப்படி என்று யோசித்தீர்களா, முன்பு முயன்றீர்களா, எது தடுத்தது? கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. வீட்டிலோ விடுதி அறையிலோ மருந்துகளும் பூச்சிநாசினியும் யார் கையில் இருக்கின்றன என்பதையும் கேட்டு, அவற்றைத் தூர வைக்க ஒருவரைப் பிடிக்க வேண்டும். ஆபத்து உடனடியானது என்றால் மாணவரைத் தனியே அனுப்பாமல், கூடப் போய் யாழ். போதனா வைத்தியசாலையில் சேர்க்க வேண்டும். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அது பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு வரி மட்டும்தான், திட்டம் அல்ல.

இனி அந்த 2 மணித்தியாலம். பல இடங்களில் அது “இந்தக் கிழமை எத்தனை பேர் வந்தவை?” என்ற கணக்கெடுப்பாகிவிடுகிறது. அது நிர்வாகம், மேற்பார்வை அல்ல. மாணவரின் எழுத்துச் சம்மதத்தோடு பதிவுசெய்த குரலை வைத்துக் கேட்பதுதான் நல்ல வழி. பயிற்சியில் இருப்பவர் நன்றாகப் போன சந்திப்பைத்தான் கொண்டுவருவார், அது மனித இயல்பு. ஆகவே தான் திக்குமுக்காடிய 10 நிமிடத்தைத் தெரிவுசெய்து கொண்டுவரும்படி கேட்க வேண்டும். அந்த இடத்தில் பெரும்பாலும் புத்திமதிதான் கேட்கும்: “நீர் கெட்டிக்காரப் பிள்ளை, அப்பிடி யோசிக்கக் கூடாது.” பதிவு சொந்தக் கைத்தொலைபேசியில் இருக்கக் கூடாது, வட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. கேட்டு முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

மாணவர் காணாமல் ஆக்கப்பட்ட தகப்பனைப் பற்றிக் கதைக்கும்போது, பயிற்சியில் இருப்பவரின் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். போர் முடிந்த 2009இல் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள்தான் இன்று இந்தக் கதிரைகளில் இருக்கிறார்கள். ஒருவர் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார், இன்னொருவர் மாணவருக்காக அளவுக்கு மீறி ஓடித்திரிவார். இரண்டுமே பதிவில் கேட்கும். போர் முடிந்த நினைவு வரும் மே மாதம் நெருங்கும்போது புதிதாக ஒப்படைக்கும் மாணவர் எண்ணிக்கையைக் குறைப்பது நல்லது.

உள்ளூரில் மேற்பார்வையாளர் கிடைக்காவிட்டால் ஸூம் வழியே கொழும்பில் உள்ள ஒருவரோடு செய்யலாம். காதில் கருவி மாட்டி, கதவைப் பூட்டி, பெயரையும் ஊரையும் பீடத்தையும் மாற்றிச் சொல்ல வேண்டும். ஆனால் ஆபத்து நேரத்தில் நேரே வரக்கூடிய ஒருவரின் பெயர் யாழ்ப்பாணத்துக்குள்ளேயே எழுத்தில் இருக்க வேண்டும். அந்தப் பெயர் கிடைக்கும்வரை பயிற்சியில் இருப்பவருக்கு முதல் மாணவரை ஒப்படைக்க வேண்டாம்.