சொல் விளக்கம்: டெயில்டிராகர்

டெயில்டிராகர் என்பது மூக்கின் கீழே சக்கரம் இல்லாத விமானம். இறக்கைக்குக் கீழே முன்தள்ளி இரண்டு பெரிய சக்கரங்கள், வாலடியில் ஒரு சிறு சக்கரம் அல்லது சறுக்குக் கட்டை. நிறுத்தி வைத்தால் வால் தரையைத் தொட, மூக்கு வானம் பார்த்து நிற்கும். ஸ்பிட்ஃபயர், மஸ்டாங், ஹார்வர்ட், டகோட்டா ஆகிய பழைய போர்க்கால விமானங்களும், டைகர் மாத், பைப்பர் கப் போன்ற சிறு விமானங்களும் இந்த வகைதான்.

ஆங்கிலத்தில் டெயில் என்றால் வால். டிராக் என்றால் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போவது. சொல் பிறந்த காரணம் அந்த இழுப்பில்தான் இருக்கிறது. முதல் தலைமுறை விமானங்கள் பலவற்றின் வாலில் சக்கரமே கிடையாது. இரும்புப் பூண் போட்ட மரக்கட்டை ஒன்று புல்தரையைக் கீறிக்கொண்டே வரும். பிரேக் இல்லாத காலத்தில் வேகத்தைக் குறைத்ததும் அதுதான், விமானத்தை நேராக ஓட வைத்ததும் அதுதான். 1931 அக்டோபர் 26 அன்று முதன்முதலாகப் பறந்த டைகர் மாத்தும் வால்சறுக்கியோடு, பிரேக் இல்லாமல் வந்த விமானமே. அதைப் புல்லில் இறக்கினால் வால்சறுக்கி மண்ணைக் கவ்வும். தார்ச்சாலையில் இறக்கினால் வழுக்கும், திசை கையில் நிற்காது. கனடாவில் கட்டிய டைகர் மாத்துகளுக்கு வால்சக்கரமும் பிரேக்கும் வைத்தார்கள்.

இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: ‘கன்வென்ஷனல் கியர்’, அதாவது வழக்கமான சக்கர அமைப்பு. மொழிபெயர்ப்பவர்கள் இடறும் இடம் இது. இன்று வழக்கமாக நாம் பார்ப்பது மூக்குச்சக்கர விமானம் என்பதால், ‘வழக்கமான’ என்று படித்ததும் அதையே நினைத்துவிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போர் வரை பெரும்பாலான விமானங்கள் வாலை ஊன்றியே நின்றன. பெயர் அந்தக் காலத்தில் நிலைத்துவிட்டது. விமானக் கையேட்டில் ‘கன்வென்ஷனல்’ என்று வந்தால் வால்சக்கரம் என்றே கொள்ள வேண்டும்.

இந்த அமைப்புக்குக் காரணம் முன்னால் சுழலும் புரொப்பெல்லர். மேடு பள்ளமான புல்வெளியில் அது தரையில் இடிக்காமல் இருக்க மூக்கு உயர்ந்து நிற்க வேண்டும். வாலில் ஒரு கட்டை போதும் என்பதால் எடையும் காற்றின் தடையும் குறைவு. அன்றைய விமானத் தளங்கள் நாலாபக்கமும் திறந்த மைதானங்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதற்கு நேரெதிராகவே இறங்கலாம். நீண்ட கான்கிரீட் ஓடுபாதை வந்த பிறகுதான் பக்கக்காற்றில் இறங்க வேண்டிய கட்டாயம் வந்தது. டெயில்டிராகர் முரட்டு விமானம் என்ற பெயர் எடுத்ததில் ஓடுபாதைக்கும் பங்கு உண்டு.

முரண்டு பிடிப்பதற்கான இயற்பியலைச் சொல்லாமல் இந்தச் சொல்லின் பொருள் முழுமையாகாது. டெயில்டிராகரில் ஈர்ப்பு மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. தரையில் ஓடும்போது மூக்கு சற்றே இடப்பக்கம் திரும்பினாலும், பின்னாலுள்ள எடை பழைய திசையிலேயே போகப் பார்க்கும். அதனால் வால் வெளிப்பக்கம் வீசப்பட்டுத் திருப்பம் இன்னும் கூடும். அம்பின் இறகுப் பக்கத்தை முன்னால் வைத்து எறிந்தால் அது தானாகத் திரும்பிக்கொள்ளப் பார்க்குமே, அதே கணக்குதான். உடனே ரட்டரால் (காலால் இயக்கும் வால் சுக்கான்) தடுக்காவிட்டால் விமானம் நின்ற இடத்தில் சுற்றுவதுபோல் சுழன்று, வெளிப்பக்க இறக்கை நுனி தரையில் உரசும். சக்கரக் கால் மடங்கும். இதற்கு ‘கிரவுண்ட் லூப்’ என்று பெயர். தமிழில் தரைச்சுழற்சி எனலாம். மூக்குச்சக்கர விமானத்தில் ஈர்ப்பு மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், அது கோணலாக இறங்கினாலும் தானே நேராகிவிடும்.

தரைச்சுழற்சி பெரும்பாலும் இறங்கும் வேகத்தில் வருவதில்லை. வேகம் குறைந்து, ரட்டர் மீது காற்றின் பிடி தளர்ந்து, விமானி ‘இறங்கியாச்சு’ என்று காலைத் தளர்த்தும் நேரத்தில்தான் வருகிறது. பறந்து முடித்து விமானத்தைக் கட்டிப் போடும் வரை கால் வேலை செய்ய வேண்டும் என்று பயிற்றுநர்கள் வற்புறுத்துவது இதனால்தான். பிரேக்கை அழுத்தி நிறுத்திவிடலாம் என்றும் நினைக்கக் கூடாது. கடுமையாக அழுத்தினால் வால் எழும்பி மூக்கு தரையில் குத்தும். புரொப்பெல்லர் வளையும், எஞ்சினையும் பிரித்துப் பார்க்க வேண்டி வரும்.

மேலெழும்போது வேறு தொல்லை. புரொப்பெல்லர் விமானியின் பார்வையில் வலஞ்சுழியாகச் சுழன்றால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். எஞ்சினின் எதிர்முறுக்கு, உடலைச் சுற்றி வந்து வாலில் மோதும் காற்றுச் சுழல், மூக்கு உயர்ந்திருக்கும்போது புரொப்பெல்லரின் கீழ்நோக்கி வரும் இதழ் கூடுதலாக இழுப்பது ஆகிய மூன்றும் சேர்ந்த விளைவு அது. வாலைத் தூக்கும் நொடியில் சுழலும் புரொப்பெல்லரின் கைரோ விளைவும் (சுழலும் பொருளைச் சாய்த்தால் அது பக்கவாட்டில் திரும்பப் பார்ப்பது) சேர்ந்து இன்னொரு வெட்டு வெட்டும். வாலைப் படபடவென்று தூக்காமல் மெல்லத் தூக்குவது அதற்காகத்தான். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் இப்படி இடப்பக்கம் இழுக்கும். பிற்கால ஸ்பிட்ஃபயர்களின் கிரிஃபன் எஞ்சின் எதிர்ப்பக்கம் சுழல்வதால் வலப்பக்கம் இழுக்கும். ஒன்றில் பழகிய கால் மற்றொன்றில் ஏமாந்துபோகும்.

சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் முக்கியம். ஸ்பிட்ஃபயரின் கால்கள் உடலை ஒட்டிப் பொருந்தி வெளிப்பக்கம் மடங்குபவை. ஆகவே தரையில் குறுகிய தடம். மஸ்டாங்கின் கால்கள் உள்பக்கம் மடங்கும். தடம் ஏறத்தாழ 3.6 மீட்டர் அகலம். மஸ்டாங்கில் ஸ்டிக்கை, அதாவது விமானி கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலை, பின்னால் இழுத்துப் பிடித்தால் வால்சக்கரம் பூட்டிக்கொண்டு, ரட்டரோடு இருபுறமும் 6 பாகை மட்டுமே திரும்பும். ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் பூட்டு விட்டு எந்தப் பக்கமும் சுழலும். பழைய போர் விமானங்களில் நாம் மிகவும் மெச்சும் ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று.

இறக்கத்திலும் இரண்டு முறைகள். மூன்று சக்கரமும் ஒரே நேரத்தில் தொடும்படி வேகம் இழந்து, ஸ்டிக் வயிற்றை முட்டும் வரை பின்னிழுத்து இறக்குவது முப்புள்ளி இறக்கம். முன்சக்கரங்கள் மட்டும் தொட, உடனே ஸ்டிக்கைச் சற்று முன்னால் கொடுத்து அவற்றைத் தரையில் அமர்த்தி, வேகம் குறைந்தபின் வாலை இறக்குவது சக்கர இறக்கம். பின்னதில் ‘தொப்’பென்று விழுந்தால் வால் கீழே போகும், இறக்கையின் தாக்குகோணம் (எதிர்வரும் காற்றோடு இறக்கை வைக்கும் கோணம்) கூடும், விமானம் மறுபடி எழும்பும். அதைத் துரத்தி ஸ்டிக்கை முன்னும் பின்னும் ஆட்டினால் துள்ளல் பெரிதாகும். எஞ்சினை முழுதாகத் திறந்து மேலெழுந்து, இன்னொரு சுற்று வந்து இறங்குவதே சரி. அமெரிக்காவில் டெயில்டிராகரின் தலைமை விமானியாகப் பறக்கப் பயிற்றுநரின் தனி ஒப்புதல் வேண்டும். 1991 ஏப்ரல் 15க்கு முன்பே அவ்வாறு பறந்தவர்களுக்கு மட்டும் விலக்கு.

வால்சக்கரம் ஓடும்போது கிடுகிடுவென்று ஆடினால் முதலில் பார்க்க வேண்டியது இலைவில், அதாவது அந்தச் சக்கரத்தைத் தாங்கும் தட்டை வில். எடை ஏற்றிய நிலையில் சக்கரத்தின் திருப்பு அச்சு செங்குத்தாகவோ, அதன் மேல்முனை சற்றே பின்சாய்ந்தோ நிற்க வேண்டும். இலைவில் தளர்ந்து மேல்முனை முன்சாய்ந்தால் ஆட்டம் நிச்சயம். வில்லை மறுபடி வளைக்கவோ மாற்றவோ வேண்டும். தேய்ந்த புஷ் (அச்சைச் சுற்றியுள்ள உறை), ரட்டரோடு இணைக்கும் சங்கிலியின் தொய்வு, அதன் சுருள்வில் ஆகியவை அடுத்துப் பார்க்க வேண்டியவை.

அமெரிக்க விமான நிறுவனமான செஸ்னா 1956இல் தன் 170 ரக வால்சக்கர விமானத்தை மூக்குச்சக்கரத்துக்கு மாற்றி 172 ஆக விற்றபின் பயிற்சி உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. மலைக்காட்டு மணல்திட்டில் இறங்குபவர்களும், வயலுக்கு மருந்தடிப்பவர்களும், வான்சாகசம் செய்பவர்களும் இன்னும் வால்சக்கரத்தையே நம்புகிறார்கள். கல்லில் மோதி ஒடிய மூக்குச்சக்கரம் இல்லை என்பது காட்டில் பெரிய ஆறுதல். இந்திய ஃப்ளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறையே பயின்ற எச்.ஏ.எல். (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனத்தின் புஷ்பக்கும் (முதல் பறப்பு 1958) டெயில்டிராகர்தான். 1951இல் இலங்கை விமானப்படைக்கு முதலில் வந்து சேர்ந்த சிப்மங்க் பயிற்சி விமானமும் அப்படியே.

தமிழில் என்ன சொல்வது? ‘வாலிழுவை’ என்றால் வாலைப் பிடித்து இழுத்துச் செல்லப்படும் வண்டி என்று பொருள் போகும். போதாக்குறைக்கு, காற்றின் தடைக்கும் இழுவை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘வால்சக்கர விமானம்’ தெளிவானது. பயிற்சிக் குறிப்புகளுக்கு ஏற்றது. ஆனால் சறுக்கி வைத்த டைகர் மாத்தை அதில் அடக்க முடியாது. எங்கள் தேர்வு ‘வாலூன்றி’. காலூன்றுதல், ஊன்றுகோல் என்பவற்றில் உள்ள அதே ஊன்றுதல். சக்கரமானாலும் கட்டையானாலும் பொருந்தும். எதிர்ச்சொல் ‘மூக்குச்சக்கர விமானம்’. முதல் முறை எழுதும்போது ‘டெயில்டிராகர் எனப்படும் வாலூன்றி விமானம்’ என்று எழுதி, பிறகு ‘வாலூன்றி’ என்று மட்டும் சுருக்கலாம்: ‘டகோட்டா இரட்டை எஞ்சின் வாலூன்றி’, ‘வாலூன்றியைப் பக்கக்காற்றில் இறக்கும் முறை’.