மனோவசியமாம், மனோவசியம்!

போன மாதம் நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு கூட்டம். போர்க்கள அனுபவம் பல வருடம் கழித்தும் தூக்கத்தைக் கெடுப்பது பற்றி டாக்டர் ஆங்கிலத்தில் பேச, ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அதற்கு ஒரு சிகிச்சையாக ஹிப்னாசிஸ் என்ற சொல் வந்ததும் கொஞ்சமும் தயங்காமல் 'மனோவசியம்' என்றார். பக்கத்தில் இருந்த மைனி, அதாவது அண்ணன் மனைவி, என் பக்கம் திரும்பினார். "வசியமா? இவியளுக்கு எவன் கைவிஷம் வச்சான்?"

அண்ணன் பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். கோயில் கொடைக்கு வெடி போடத் தொடங்கினால் இன்றைக்கும் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவருக்கு இந்தச் சிகிச்சை வேண்டவே வேண்டாம் என்று மைனி அங்கேயே முடிவு செய்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வசியம் என்றால் நம்மூரில் மந்திரவாதியும் தகடும்தான்.

கிரேக்கத்தில் ஹிப்னோஸ் என்றால் உறக்கம். உறக்கக் கடவுளுக்கும் அதே பெயர். மான்செஸ்டரில் இருந்த ஜேம்ஸ் பிரெய்டு என்ற டாக்டர் 1840களில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு, ஆள் தூங்குவதில்லையே என்று அவருக்கே அது பிடிக்காமல் போய், 'ஒரே எண்ணத்தில் நிற்றல்' என்ற பொருளில் வேறு பெயர் வைத்துப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை.

சரி, வசியத்துக்கு வருவோம். வடமொழிச் சொல் என்பதால் எனக்குக் கோபம் இல்லை, பொருள்தான் தப்பு. வசியம் என்றாலே இரண்டு ஆள் வேண்டும்: வசப்படுத்துகிறவன், வசப்பட்டவன். சிகிச்சையில் நடப்பதைப் பாருங்கள். நாற்காலியில் சாய்ந்திருப்பவர் மூச்சையோ ஒரு குரலையோ கவனித்துக் கவனித்து மனதை ஒரே இடத்தில் நிறுத்துகிறார். டாக்டர் பேசுவது கேட்கிறது, பதில் சொல்கிறார், வேண்டாமென்றால் கண்ணைத் திறந்துவிடலாம். பயமில்லாத ஓர் இடத்தை முதலில் மனதில் நிறுத்தி, அங்கே நின்றபடி பழைய நினைவைத் தூரத்திலிருந்து பார்க்கப் பழகுகிறார். பிடி அவர் கையிலேயே இருக்கிறது. போர்க்களத்தில் எதுவுமே தன் கையில் இல்லை என்று தவித்தவரிடம் போய் 'உன்னை வசியம் செய்யப்போகிறோம்' என்றால் எழுந்து ஓடாமல் என்ன செய்வார்?

இது நேற்று வந்த வித்தையும் இல்லை. போர் அதிர்ச்சிக்கு 'ஷெல் ஷாக்' என்ற சொல்லை 1915இல் மருத்துவ இதழில் எழுதிய சார்லஸ் மையர்ஸ், முதல் உலகப்போர் வீரர்களுக்கு இதைச் செய்து பார்த்தவர். 2008இல் வெளியான ஓர் இஸ்ரேல் ஆய்வில், போர் அதிர்ச்சியால் தூக்கம் கெட்ட 32 பேரில் ஒரு பகுதியினருக்குத் தூக்க மாத்திரை, மற்றவர்களுக்கு இது. இவர்கள் நன்றாகவே தேறினார்கள். ஆனாலும் இது துணைச் சிகிச்சைதான். அதிர்ச்சியை நேராக எடுத்துப் பேசும் மனச்சிகிச்சைதான் முதலில். மறந்ததைத் தோண்டி எடுக்க இதைப் பயன்படுத்தவும் கூடாது. நடக்காதது நடந்ததாகவே உறுதியாகத் தோன்றிவிடும்.

'மனோவசியம் நாலு பேருக்குத் தெரிந்த சொல்' என்பார்கள். தெரிந்திருப்பதுதானே தொல்லை! மேடையில் ஆளைக் கோழி மாதிரி கூவ வைக்கிறவனுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிடுங்கள். 'மயக்கநிலை சிகிச்சை' என்று ஒரு பிரசுரத்தில் பார்த்தேன். மயக்கம் ஆபரேஷன் தியேட்டர் சொல். மயங்கினவனுக்கு எதுவும் கேட்காது. அதற்கு ஹிப்னாசிஸ் என்றே எழுதித் தொலைக்கலாம், யாரும் பயப்பட மாட்டார்கள்.

கையிலேயே நல்ல சொல் இருக்கிறது: அறிதுயில். திருவட்டாற்றில் மூன்று வாசல் வழியாகப் பார்க்கவேண்டிய அளவுக்கு நீண்டு படுத்திருக்கிறாரே ஆதிகேசவப் பெருமாள், அவர் உறக்கத்துக்குப் பெயர் அதுதான். உறங்குவது போல இருக்கும், எல்லாம் தெரியும். பிரெய்டுக்கு உறுத்திய குறையை 'அறி' என்ற இரண்டெழுத்து சரிக்கட்டிவிடுகிறது. 'அது சாமி சொல்லாச்சே' என்றார் சர்ச்சுக்குப் போகும் நண்பர் ஒருவர். கோயில் என்ற சொல்லை இரண்டு கூட்டரும் சண்டையில்லாமல் வைத்துக்கொள்ளவில்லையா?

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுவதால் வரும் வினை இது. ஸ்ட்ரெஸ்ஸும் மன அழுத்தம், டிப்ரஷனும் மன அழுத்தம். இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் அந்தப் பிரசுரத்தை வாசிக்கிறவர் பாடு திண்டாட்டம்.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது மைனியிடம் திருவட்டாற்றைச் சொல்லி விளக்கினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பெருமாளுக்க உறக்கம்னா சரி. ஆனா நானும் கூட உள்ள இருக்கணும், அத மொதல்ல கேளு" என்றார்.