மாத்திரையால் 'போதை' ஏறிய பெண்

மெக்சிகோவிலிருந்து ஒரு புகார்க் கடிதம். வலி மாத்திரை போட்ட மனைவியைப் பற்றிக் கணவர் எழுதியிருந்தார். மருந்து சாப்பிட்டவர்கள் ஸ்பானிஷில் எழுதும் பக்கவிளைவுப் புகார்களை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. மனைவியின் நிலையைச் சொன்ன சொல்லைப் புதிதாகச் சேர்ந்த தம்பி 'இன்டாக்சிகேட்டட்', அதாவது போதையேறியவர், என்று போட்டு வைத்திருந்தார். சரிபார்க்க உட்கார்ந்த எனக்கு அடுத்த வரி இடித்தது. உடம்பெல்லாம் 'ரோன்ச்சாஸ்' என்றிருந்தது. அதாவது தடிப்புத் தடிப்பாக. போதை ஏறினால் உடம்பு ஏன் தடிக்கிறது?

அந்தக் கணவர் எழுதிய சொல் 'இன்தோக்ஸிகாதா'. ஆணுக்கு 'இன்தோக்ஸிகாதோ'. பார்த்தால் ஆங்கிலச் சொல்லின் இரட்டைப்பிள்ளை மாதிரி இருக்கும். ஆனால் ஸ்பானிஷ்காரர் காதில் அது முதலில் 'விஷம் ஏறியவர்'. கெட்டுப்போன மீன் சாப்பிட்டு வாந்தி எடுப்பவர், கரிப்புகையில் மூச்சு முட்டியவர், மருந்து சேராமல் தடித்துப்போனவர், எல்லோருக்கும் அதே சொல்தான். குடித்தவரைச் சொல்ல 'பொர்ராச்சோ' என்று தனியாக இருக்கிறது. போதைப்பொருள் எடுத்தவருக்கு 'துரோகாதோ'. வேர்ச்சொல் கிரேக்கத்தில் அம்பு நுனியில் தடவும் விஷம். ஸ்பானிஷ் அந்த விஷத்தை விடாமல் பிடித்துக்கொண்டது, ஆங்கிலம் சாராயக் கடைப் பக்கம் போய்விட்டது.

1981இல் ஸ்பெயினில், தொழிற்சாலைக்கென்று ரசாயனம் கலந்து வைத்த கடுகின எண்ணெயைச் சமையல் எண்ணெய் என்று விற்றுவிட்டார்கள். 20,000 பேர் வரை பாதிக்கப்பட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அந்த மக்களையும் இதே சொல்லால்தான் குறித்தார்கள். அதைப் போய் 'போதையேறியவர்கள்' என்று மொழிபெயர்த்தால் எப்படி இருக்கும்!

இதைவிடக் கொடுமை 1980இல் அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்தது. நினைவில்லாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 18 வயதுப் பையன், கியூபக் குடும்பம். சாப்பிட்ட ஹாம்பர்கர்தான் சேரவில்லை என்று நினைத்து 'இன்தோக்ஸிகாதோ' என்றார்கள். மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை. போதை மருந்தை அளவுக்கு மீறி எடுத்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டு மருத்துவர்கள் அந்த வழியிலேயே சிகிச்சை செய்தார்கள். உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. கையும் காலும் நிரந்தரமாக விளங்காமல் போயிற்று. பின்னால் வழக்கில் நடந்த சமரசத்தில் அவன் வாழ்நாளுக்கான தொகை சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள். மருத்துவ மொழிபெயர்ப்பு படிக்கிற எவரும் இந்தக் கதையைத் தாண்டி வர முடியாது.

ஆனால் குடும்பத்தார் சொன்னதிலும் நோயின் பெயர் இல்லை. நம்மூரில் 'ஒத்துக்கல' என்கிறோமே, அது மாதிரிதான். அஜீரணமா, அலர்ஜியா, விஷமா என்று அந்தச் சொல் சொல்லாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 'மயக்கமா வருது' என்றால் தலைசுற்றலா, நினைவு தப்பியதா என்று நம் மருத்துவர்கள் திருப்பிக் கேட்பதில்லையா?

இப்படி ஆங்கிலச் சொல் மாதிரி தோன்றி ஏமாற்றும் சொற்கள் இன்னும் இரண்டு உண்டு. 'கோன்ஸ்திபாதோ' ஸ்பெயினில் சளி பிடித்தவர். லத்தீன் அமெரிக்காவில் சில நாடுகளில் மலச்சிக்கல்காரர். கடிதம் எந்த நாட்டிலிருந்து என்று பார்க்காமல் கை வைக்காதீர்கள். 'எம்பராசாதா' கர்ப்பிணி. அதை ஆங்கில 'எம்பாரஸ்ட்' என்று நினைத்துச் 'சங்கடப்பட்டார்' என்று எழுதினால், கர்ப்பிணி மருந்து சாப்பிட்ட தகவலே கோப்பிலிருந்து காணாமல் போகும்.

அந்தத் தம்பியிடம் கணவருக்குத் திருப்பி எழுதச் சொன்னேன். முதல் வரைவில் 'கே தோமோ?' என்று கேட்டிருந்தார். 'என்ன எடுத்தார்?' என்று நினைத்துத்தான். லத்தீன் அமெரிக்காவில் அதற்கு 'என்ன குடித்தார்?' என்றும் பொருள் உண்டு. 'எந்த மருந்து, எத்தனை மாத்திரை' என்று மாற்றி அனுப்பினோம்.