எழுத அனுமதி உண்டா? ஒரு பிட்டிடம் கேட்பது எப்படி

ஒரு கோப்பைப் படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா? மூன்று கேள்விக்கும் பதில் ஆம் அல்லது இல்லை. இதற்கு மூன்று மாறிகள் வேண்டாம், ஒரே எண்ணில் மூன்று பிட் (0 அல்லது 1 ஆக இருக்கும் இரும இலக்கம்) போதும். யூனிக்ஸ் இயங்குதளத்தில் படிக்க 4, எழுத 2, இயக்க 1. இரும எண்ணில் 100, 010, 001. ஒவ்வொன்றுக்கும் தனி இடம் இருப்பதால், சேர்த்து வைத்தாலும் கலந்துபோகாது. 6 என்றால் படிக்கலாம், எழுதலாம், இயக்க முடியாது. சர்வரில் 755 என்று அடிக்கிறவர், உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்ற வரிசையில் இப்படி மூன்று எண்களைத்தான் தருகிறார்.

இந்தப் பிட்டுகளுக்கு ஃபிளாக் என்று பெயர். சேர்ப்பதற்கு |, இருக்கிறதா என்று பார்க்க &, எடுத்துவிட & உடன் ~. சரி, இவ்வளவுதான் என்றால் இதற்கென்று தனியாக ஒரு லைப்ரரி (ஆயத்தமாக எழுதிவைத்த நிரல் தொகுப்பு) எதற்கு?

சி மொழியில் எழுதிய இந்த நிபந்தனையைப் பாருங்கள்:

உரிமை & எழுத == எழுத

எழுத அனுமதி இருக்கிறதா என்று கேட்பதுபோலத்தான் தெரிகிறது. ஆனால் சியில் == (சமமா என்ற ஒப்பீடு) முந்திக்கொள்ளும். 'எழுத == எழுத' உண்மை, அதாவது 1. அப்புறம் மிஞ்சுவது 'உரிமை & 1'. அந்த 1 இயக்குவதற்கான பிட்! எழுதலாமா என்று கேட்டோம், இயக்கலாமா என்பதற்குப் பதில் வந்திருக்கிறது. ஆரம்பத்தில் && என்ற குறியே கிடையாது, & பிட்டுகளைப் பார்ப்பது, 'இதுவும் அதுவும் உண்மையா' என்று கேட்பது என்ற இரண்டு வேலையையும் பார்த்தது. பிறகு && வந்தபோதும், ஏற்கெனவே எழுதிய நிரல்கள் கெடக்கூடாதென்று பழைய முன்னுரிமையை மாற்றாமல் விட்டதாக, சியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியே எழுதியிருக்கிறார்.

ரஸ்ட் மொழியின் 'பிட்ஃபிளாக்ஸ்' போன்ற லைப்ரரியில் பெயர்களையும் மதிப்புகளையும் ஒருமுறை சொன்னால் போதும், அவற்றுக்கென்று ஒரு தனி டைப் (தரவு வகை) உருவாகிவிடும். அப்புறம் 'உரிமை.கன்டெய்ன்ஸ்(எழுத)' என்று நேராகக் கேட்கலாம். கோப்பின் ஃபிளாக்கை எழுத்துருவின் ஃபிளாக்கோடு சேர்த்தால் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே மறுத்துவிடும். நினைவகத்தில் இருப்பது என்னவோ அதே ஓர் எண்தான். ஜாவாவின் 'எனம்செட்' கூட 64 உறுப்புகள் வரை ஒரே 64 பிட் எண்ணில் அடக்கிவிடுகிறது. பைத்தானில் 3.6 பதிப்பிலிருந்து 'ஃபிளாக்' கூடவே வருகிறது.

என்னைப் பொறுத்தவரை, லைப்ரரியின் அருமை தெரிவது பெயரில்லாத பிட்டுகளிடம்தான். எட்டு பிட் எண்ணில் ~2 (2-இன் பிட்டுகளை எல்லாம் தலைகீழாக்கியது) என்பது 11111101, அதாவது 253. எழுதுவதைத் தவிர மற்றவை என்று நினைத்துக் கேட்டோம். யாரும் பெயர் வைக்காத ஐந்து பிட்டுகளும் சேர்ந்து எரிகின்றன. லைப்ரரி தனக்குத் தெரிந்த பிட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு 5 என்று தரும்: படிக்க, இயக்க.

வெளியிலிருந்து 12 என்ற எண் வந்தால்? அதில் 8 நமக்குத் தெரியாது. பிட்ஃபிளாக்ஸின் 'ஃப்ரம்_பிட்ஸ்' அதை ஏற்காது. 'ஃப்ரம்_பிட்ஸ்_ட்ரங்கேட்' 8-ஐ வெட்டிவிட்டு 4 தரும். 'ஃப்ரம்_பிட்ஸ்_ரீடெய்ன்' அப்படியே வைத்திருக்கும். வெட்டுவதுதான் பாதுகாப்பு என்று முதலில் தோன்றும். ஆனால் அந்த 8 நம் நிரலின் புதிய பதிப்பு வைத்த ஃபிளாக்காக இருக்கலாம். பழைய பதிப்பு கோப்பைத் திறந்து, 8-ஐ வெட்டி, திரும்பச் சேமித்தால் பயனர் செய்துவைத்த அமைப்பு சத்தமில்லாமல் அழிந்துபோகும். படித்துத் திரும்ப எழுதும் இடத்தில் நான் 'ரீடெய்ன்' பக்கம்தான்.