பின் வரிசைக்கு மாறச் சொன்னால் மனம் நோக வேண்டாம்

அண்மையில் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பயணியாகப் போனேன். கதவு சாத்துவதற்குச் சற்று முன்னர் பணிப்பெண் வந்து, முன் வரிசைகளில் இருந்த ஐந்து பேரைப் பின்னால் மாறி அமரும்படி கேட்டார். ஐவரில் நானும் ஒருவன். என்னுடன் மாறிய வயதான அம்மா ஒருவருக்கு முகம் வாடிவிட்டது. "காசு கொடுத்துத்தானே தம்பி டிக்கெட் எடுத்தது? எங்களைப் பார்த்தால் பின்னால் தள்ளிவிட வேண்டிய ஆட்களாகவா தெரிகிறது?" என்று என்னிடம் கேட்டார். அவருடைய மகன் பணிப்பெண்ணிடம் குரலை உயர்த்தியே பேசிவிட்டார்.

நான் கனடாவில் பல ஆண்டுகள் சிஆர்ஜே 200 என்ற 50 ஆசன ஜெட் விமானத்தை ஓட்டியவன். அந்த அம்மாவின் கேள்விக்கு விமானத்தில் சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

நயினாதீவுக்குப் போக குறிகட்டுவானில் படகு ஏறாத யாழ்ப்பாணத்தார் குறைவு. "அந்தப் பக்கம் ஆட்கள் கூடிவிட்டார்கள், நாலு பேர் இந்தப் பக்கம் வாருங்கள்" என்று படகோட்டி சொன்னால் ஒருவரும் கோபிப்பதில்லை. படகு சரிந்தால் என்ன நடக்கும் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. விமானமும் அப்படித்தான் சரியும். அது பயணியின் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

500 டன்னுக்கு மேல் எடையுள்ள பெரிய விமானத்தில் ஐந்து பேர் இடம் மாறினால் ஒன்றும் ஆகாது. சிஆர்ஜே 200 முழுச் சுமையுடன் 24 டன் அளவுதான். அதில் ஐந்து பேர் முன்னிருந்து பின்னுக்குப் போனால் மூக்கின் கனம் மாறும். எங்களுக்கு ஒரு நாளில் நான்கு, ஐந்து பறப்புகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் புதிதாக எடைத்தாள் வரும்: எத்தனை பேர், எந்த வரிசைகளில், எத்தனை பொதிகள், எவ்வளவு எரிபொருள். அதிலிருந்துதான் வால் சிறகை எந்தக் கோணத்தில் வைப்பது, எந்த வேகத்தில் மூக்கைத் தூக்குவது என்று கணிப்போம். கணக்குச் சரியென்றால் கட்டுப்பாட்டுப் பிடியை மெதுவாக இழுத்ததும் விமானம் இயல்பாக எழும். பிழையென்றால் கையே சொல்லிவிடும். இழுத்தும் எழாமல் அடம்பிடிக்கும். அல்லது நாம் இழுக்கும் முன்பே எழப் பார்க்கும். ஓடுபாதை விரைந்து தீர்ந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் இரண்டுமே வேண்டாதவை.

தரையிறங்கும்போதும் அந்த விமானம் இளகிய கையை ஏற்பதில்லை. அதன் இறக்கையின் முன்விளிம்பில், தாழ்வேகத்தில் கூடுதல் தூக்குவிசை தரும் தகடுகள் இல்லை. ஆகவே மூக்கைத் தாழ்த்தியபடி, மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் இறங்கி, கடைசி நேரத்தில்தான் நிமிர்த்துவோம். வேகத்தைத் தானாகப் பேணும் கருவியும் அதில் இல்லை. இறங்கும் வரை ஒரு கை விசைப்பிடியிலேயே இருக்கும். நான் அந்த வேலையை மிகவும் நேசித்தேன். நாள் முடிவில் தோள் வலிக்கும்.

துணை விமானியாக இருந்த காலத்தில் ஒரு மாலை, எடைத்தாளில் உள்ளதைவிடப் பதினொரு பொதிகள் கூடுதலாக ஏற்றப்பட்டிருந்தன. தலைமை விமானி நகர மறுத்துவிட்டார். மறுபடி எண்ணி, புதுத் தாள் வர நாற்பது நிமிடம் ஆனது. பயணிகள் முணுமுணுத்தார்கள். எனக்கும் அன்று பொறுமை இல்லை. "இவ்வளவு சின்னக் கணக்குக்கா?" என்று கேட்டேன். "நீ இதைச் சின்னது என்று நினைக்கும் வரை உன்னிடம் விமானத்தைத் தர மாட்டேன்" என்றார். இருந்த இடத்திலேயே வெட்கப்பட்டேன்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில், 19 ஆசனங்கள் கொண்ட பீச்கிராஃப்ட் 1900டி விமானம் மேலெழுந்த உடனேயே விழுந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேரும் இறந்தார்கள். பராமரிப்பின்போது வால்பகுதிக் கட்டுப்பாட்டுக் கம்பி தவறாகச் சரிசெய்யப்பட்டிருந்தது. அதோடு விமானம் அனுமதித்ததைவிடக் கனமாகவும், பின்பாரம் கூடியும் இருந்தது. தாளில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஏனெனில் ஆளுக்கு இவ்வளவு என்று பழைய சராசரி எடையை வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். அதன் பின்னர் அமெரிக்காவில் அந்தச் சராசரி உயர்த்தப்பட்டது.

2019இல் பலாலி பன்னாட்டு விமான நிலையமான பின்னர் சென்னைக்கு வந்துபோவது ஏடிஆர் 72 என்ற விமானம். அது ஜெட் அல்ல, விசிறி இறக்கைகள் போன்ற ஆறு அலகுகள் கொண்ட சுழலிகளால் பறப்பது. ஆனால் எடையில் என் பழைய விமானத்தின் உடன்பிறப்பு. விமானி அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவே பொதியறை இருக்கிறது. பனங்கட்டி, ஒடியல், மிளகாய்த்தூள், கருத்தக்கொழும்பான் மாம்பழம் என்று எம்மவர் கட்டிய பொதிகளால் அது நிறைந்தால் முன்பாரம் கூடும். அப்போது ஆட்கள் பின்னால் போக வேண்டும். பயணிகள் ஏறுவது வால்பக்கக் கதவால். எல்லாரும் ஒரே நேரத்தில் பின்னால் நின்றால் விமானம் குந்திவிடக்கூடும் என்பதால் வாலின் கீழ் ஒரு முட்டுத்தடி வைப்பார்கள். ஏறும்போது பாருங்கள். இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

சித்திரை வெய்யிலில் இன்னும் கவனம் தேவை. சூடான காற்று அடர்த்தி குறைந்தது; அதே ஓடுபாதையில் அதே விமானம் தூக்கக்கூடிய எடை குறையும். காற்று விடயத்தில் பலாலிக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காகக் கிடப்பதால் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்றும் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்றும் பெரும்பாலும் அதன் நீளத்துக்கே வீசும். விமானம் எதிர்காற்றில் ஏறலாம். வெய்யிலுக்கு அப்படி ஒரு வழி இல்லை. சில பொதிகள் பின்னால் வரும் விமானத்தில்தான் வரும் என்று சொன்னால், அது உங்கள் பொதியை அலட்சியம் செய்வதல்ல.

ஆகவே கைப்பையையும் தராசில் வையுங்கள். கனத்த பொருளை மேலங்கிப் பைகளில் மறைத்து ஏற்றாதீர்கள். அந்தக் கிலோக்கள் எந்தத் தாளிலும் வராமல் உங்களோடு பறக்கின்றன. வெற்று ஆசனம் கண்டால் பணிப்பெண்ணைக் கேட்காமல் மாறாதீர்கள். மடியில் இருக்கும் குழந்தையை முன்கூட்டியே சொல்லுங்கள்.

அந்த அம்மாவிடம் படகுக் கதையை மட்டும்தான் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் நான் இங்கே இருப்பதும் ஒரு வேலைதான்" என்றார். சென்னையில் வால்பக்கக் கதவு திறந்தது. கடைசி வரிசையில் இருந்த அவர்தான் எல்லாருக்கும் முன்னதாக இறங்கினார்.