மலையடிவார மனை: புரோக்கரைக் கேட்காதீர்கள், ஓடைக் கல்லைப் பாருங்கள்

"சார், இந்த ஓடையில தண்ணி ஓடி இருபது வருசமாச்சு." சிறுமலை, அழகர்மலை அடிவாரத்தில் மனை பார்க்கப் போனால் புரோக்கர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு இதுதான். நிலத்தடி நீரும் கடைக்கால் மண்ணும் பார்ப்பது என் தொழில். அதனால் அவரிடம் மேற்கொண்டு பேசாமல் ஓடைக்குள் இறங்கிவிடுவேன்.

கரை அறுந்த இடத்தில் எல்லாம் தெரியும். மேலே ஓரடி செம்மண், கீழே பருமணல், அதற்கும் கீழே தலையளவுக் குண்டுக்கற்கள், மறுபடி மணல், மறுபடி கல். தட்டையான கற்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படுத்து, சாய்வு மலைப்பக்கமாக இறங்கியிருந்தால், அவற்றை அடுக்கியது ஓடிய தண்ணீர்தான். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை, கணக்குப்படி, 64 மடங்காகும். இருபது வருசம் காய்ந்து கிடந்த ஓடை ஒரே ராத்திரியில் பாறையை உருட்டி வருவது அப்படித்தான்.

இந்தக் கல்லெல்லாம் மலையை அறுத்து எடுத்தது. நிலம் உயர்ந்தால் சரிவு கூடும். சரிவு கூடினால் ஓடை ஆழமாக அறுக்கும். இமயத்தில் இரண்டும் மும்முரமாக நடக்கின்றன. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவை முட்டிய இந்தியத் தட்டு (இந்தியாவைச் சுமக்கும் பூமி மேலோட்டின் துண்டு) இன்னும் வடக்கே நகர்கிறது. மலை எழ எழ சிந்துவும் சட்லெஜும் அதைக் குறுக்கே அறுத்து இறங்குகின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலை அப்படி மோதலில் பிறந்ததல்ல. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்துபோனபோது உருவான விளிம்பு அது. பிறகு செதுக்கியதில் பெரும்பங்கு மழைக்கும் ஓடைக்கும். பாறை அரிந்து பாரம் குறைந்தால் நிலம் மெல்ல மேலெழும். ஆகவே கிழட்டு மலையிலும் அறுக்கும் வேலை முடிவதில்லை. (மதுரைப் பக்கத்து யானைமலை பூமிக்குள்ளிருந்து முளைத்தது என்பவர்கள் உண்டு. சுற்றியிருந்த பாறை தேய்ந்துபோக மிஞ்சி நிற்பதுதான் அது.)

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது தலையாறு அருவியைப் பாருங்கள். மேல்மலையில் சாவகாசமாக வரும் ஓடை, விளிம்பில் 297 மீட்டர் ஒரேயடியாக விழுகிறது. அந்த விளிம்பு அரிந்து அரிந்து பின்வாங்கும். அரிந்தது மஞ்சளாற்றின் வழியே வைகைப் பக்கம் இறங்கும். சரிவு குறையும் அடிவாரத்தில் தண்ணீருக்கு வலு குறைய, பெரிய கல் அங்கேயே தங்கும். லேஅவுட் போடுவதும் சரியாக அங்கேதான்!

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் இடிந்த மலை, ஓடைத் தடத்தைப் பிடித்துத்தான் சூரல்மலை என்ற ஊர்வரை பாய்ந்தது. அந்த அளவு மழை நம் பக்கம் அபூர்வம். ஆனாலும் வெள்ளம் வந்தால் தேடும் வழி ஓடைதான்.

பட்டா மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேடும் (கிராமத்தின் நில விவரப் பதிவேடு) வாங்கி, ஓடைப் புறம்போக்கு எங்கே எவ்வளவு அகலத்தில் போகிறது என்று சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். கடைக்காலின் ஒரு மூலை குண்டுக்கல்லிலும் மறுமூலை மணலிலும் உட்கார்ந்தால் சுவர் கோணலாக வெடிக்கும். நாலு மூலையிலும் குழி தோண்டிப் பார்ப்பது பெரிய செலவில்லை. போர் போட்டாலும் கல்லும் மணலும் சரியும், கேசிங் பைப் கூடுதலாக இறக்க வேண்டிவரும்.

பாதைக்காக ஓடைக்குக் குறுக்கே இரண்டு சிமென்ட் குழாயைப் போட்டு மண்ணை மூடியிருந்தால் அந்த மனையே வேண்டாம். குழாய்க்குள் தண்ணீர் போகும். கல்லும் மரமும் வாயை அடைத்துக்கொள்ளும். பின்னால் வரும் வெள்ளம் மனைக்குள்தான் திரும்பும்.