டியூட்டி எத்தனை பர்சன்ட்னு மட்டும் பாக்காதீங்க

தூத்துக்குடியில கஸ்டம்ஸ் கிளியரிங் வேலை பாக்குறேன். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம சரக்குல நிறையத்துக்கு வரியை 50 சதவீதமா ஏத்தினப்போ பார்ட்டிங்க எல்லாரும் போன் போட்டு கேட்டது ஒரே கேள்விதான், "சார் எத்தனை பர்சன்ட் ஆகுது?" கேக்க வேண்டிய கேள்விதான், ஆனா அது மட்டும் பத்தாது. கச்சாப்பொருளுக்கு எவ்வளவு, அதையே பொருளா செஞ்சு அனுப்பினா எவ்வளவு, யாரோட கப்பல்ல போகணும், எந்தத் துறைமுகம் வழியா போகணும், சரக்கைப் பிடிச்சுட்டா நிரூபிக்க வேண்டியது யாரு, இதெல்லாம் சேத்துப் பாத்தாதான் ஒரு சட்டத்தை யாருக்காகப் போட்டாங்கன்னு விளங்கும். இந்தப் பார்வை எனக்கு வந்ததே இங்கிலாந்து தன்னோட அமெரிக்கக் காலனிகளுக்குப் போட்ட கஸ்டம்ஸ் சட்டங்களைப் படிச்சப்புறம்தான், அதனாலதான் தொழிலுக்குப் புதுசா வர்ற பசங்களுக்காக இதை எழுதுறேன்.

மெர்க்கன்டிலிசம், வணிகவாதம்னு புக்ல பெரிய பேரா இருக்கும். அன்னிக்கு ஐரோப்பாவுல இருந்த நம்பிக்கை இதுதான்: நாட்டுக்குள்ள தங்கமும் வெள்ளியும் வந்துக்கிட்டே இருக்கணும், அதுக்கு வாங்குறதை விட விக்கிறது ஜாஸ்தியா இருக்கணும், காலனி இருக்குறதே கச்சாப்பொருளைக் கொடுத்துட்டு செஞ்ச பொருளை வாங்கிக்கத்தான். இந்த நம்பிக்கையை நடைமுறைக்குக் கொண்டு வந்தது நம்ம மாதிரி ஆளுங்க தினமும் பாக்குற சமாச்சாரங்க, சரக்குப் பட்டியல், பாண்டு (விதியை மீறினா பணம் கட்டுறேன்னு எழுதிக் கொடுக்குற உறுதிப் பத்திரம்), கப்பல் பேப்பர்.

முதல்ல கப்பல். 1651ல வந்த கப்பல் சட்டம் டச்சுக்காரங்களை ஓரங்கட்டுறதுக்காகப் போட்டது. 1660ல அதை இன்னும் இறுக்கினாங்க, கப்பல் இங்கிலாந்து ஆளுங்களோடதா இருக்கணும், மாலுமிங்கள்ல முக்கால்வாசிப் பேரு இங்கிலாந்துக்காரங்களா இருக்கணும், அதோட சர்க்கரை, புகையிலை, பஞ்சு, அவுரி (நீலச் சாயம்), இஞ்சி, சாயமரம்னு ஒரு லிஸ்ட் போட்டு இதெல்லாம் இங்கிலாந்துக்கோ அதோட காலனிகளுக்கோ மட்டும்தான் போகலாம்னு வச்சாங்க. 1663ல இறக்குமதிக்கும் கதவைச் சாத்திட்டாங்க. பிரான்ஸ்ல இருந்து ஒரு சரக்கு அமெரிக்கக் காலனியான வர்ஜீனியாவுக்குப் போகணும்னாகூட முதல்ல இங்கிலாந்துல இறக்கி, வரி கட்டி, திரும்ப ஏத்தணும். மீனைப் பதப்படுத்துறதுக்கான உப்பு, மடெய்ரா ஒயின் மாதிரி சிலதுக்குத்தான் விலக்கு. டபுள் ஹேண்ட்லிங்னா எவ்வளவு செலவுன்னு தொழில்ல இருக்குறவங்களுக்குச் சொல்லவே வேணாம், அந்தக் காசு மொத்தமும் இங்கிலாந்து துறைமுகக்காரங்களுக்கும் வியாபாரிங்களுக்கும் போச்சு.

வர்ஜீனியா புகையிலைல பெரும்பகுதியை இங்கிலாந்துல இறக்கி அப்புறம் ஐரோப்பாவுக்குத்தான் வித்தாங்க, ஆனா விளைவிச்சவன் நேரா விக்க முடியாது. லண்டன் ஏஜென்ட்டுக்கு அனுப்பி வைக்கணும், அவன் வித்துட்டு கமிஷன், சரக்குக்கூலி, வரின்னு எல்லாம் பிடிச்சுக்கிட்டு, மிச்சக் காசுக்கு இவன் கேட்ட துணி, சாமானை வாங்கி அனுப்புவான். விலை சொல்றவனும் அவனே, கணக்கு எழுதுறவனும் அவனே, கடன் கொடுக்குறவனும் அவனே. ஜார்ஜ் வாஷிங்டனே, பின்னாடி ஜனாதிபதி ஆனவர், புகையிலைக்கு நல்ல விலை வரல, அனுப்புற சாமானும் மட்டம்னு தன்னோட லண்டன் ஏஜென்ட்டுக்குக் கடுப்பா லெட்டர் எழுதியிருக்காரு, கடைசியில புகையிலையை விட்டுட்டு கோதுமைக்கு மாறிட்டாரு. அந்தத் தோட்டங்கள்ல உழைச்சது ஆப்பிரிக்காவுல இருந்து பிடிச்சுட்டு வந்த அடிமைங்கங்கிறதையும் சொல்லியாகணும், மொத்தக் கணக்கும் அவங்க முதுகு மேலதான் ஓடுச்சு.

காலனிக்காரங்களுக்கு லாபமே இல்லன்னு சொல்ல மாட்டேன். அவங்க கப்பலும் இங்கிலாந்துக் கப்பலாவே கணக்கானதால நியூ இங்கிலாந்துல (அமெரிக்காவோட வடகிழக்குக் காலனிகள்) கப்பல் கட்டுற தொழில் நல்லா வளர்ந்துச்சு. அவுரிக்கு 1748ல மானியம் கொடுத்தாங்க. இங்கிலாந்துல விவசாயிங்க புகையிலை போடக்கூடாதுன்னே தடை இருந்துச்சு, அதை மீறிப் போட்டவங்க வயல்ல பட்டாளத்தை விட்டு அழிச்சாங்க. ஆக, காலனி எதைச் செய்யணும்னு லண்டன் நெனச்சுதோ அதுக்குக் கை கொடுத்தாங்க, வேற எதையாவது செய்யப் பாத்தா தடை.

இதைப் புரிஞ்சுக்க 1732 தொப்பிச் சட்டத்தைப் பாருங்க. காலனியில செஞ்ச தொப்பியை வெளிநாட்டுக்கு மட்டுமில்ல, பக்கத்துக் காலனிக்குக்கூட அனுப்பக்கூடாது, அனுப்புறதுக்காகக் குதிரையிலயோ வண்டியிலயோ ஏத்தினாலே தப்பு. ஒரு முதலாளி ரெண்டு பேருக்கு மேல தொழில் பழக்க ஆள் வச்சுக்கக்கூடாது. 1750 இரும்புச் சட்டம் இதைவிட நுணுக்கமானது, வார்ப்பிரும்பை டியூட்டியே இல்லாம இங்கிலாந்துக்கு அனுப்பிக்கலாம், ஆனா இரும்பைத் தகடா அடிக்குற, ஆணி அடிக்கக் கம்பியா வெட்டுற ஆலையோ எஃகு உலையோ புதுசா வச்சா 200 பவுண்டு அபராதம். சலுகையும் தடையும் ஒரே சட்டத்துல! சலுகையை மட்டும் படிச்சவன் ஏமாந்துருவான். இது பழங்கதை இல்லைங்க, இன்னிக்கும் ஐரோப்பிய யூனியன்ல பச்சைக் காபிக்கொட்டைக்கு அடிப்படை டியூட்டி பூஜ்யம், வறுத்த காபிக்கு 7.5 சதவீதம், சில நாடுகளுக்குத் தனிச் சலுகை இருந்தாலும் வரி போட்டிருக்குற விதம் அதேதான்.

நம்ம கரையும் இந்தக் கணக்குல மாட்டியிருக்கு. சோழமண்டலக் கரையிலயும் குஜராத், வங்காளத்துலயும் இருந்து போன அச்சுத்துணியை இங்கிலாந்து மக்கள் விரும்பி வாங்க, அங்க இருந்த கம்பளி, பட்டு நெசவாளிங்க கொதிச்சுப் போனாங்க. 1700ல போட்ட சட்டப்படி அந்தத் துணியை அங்க உடுத்தக்கூடாது, குடோன்ல வச்சு வெளிய மட்டும் விக்கலாம், அப்படி வெளிய போன துணி ஆப்பிரிக்காவுல அடிமை வாங்கவும் அமெரிக்கக் காலனிகள்ல விக்கவும் போச்சு. 1721ல தடையை இன்னும் இறுக்கினாங்க.

காலனிகளுக்கும் லண்டனுக்கும் சண்டை முத்தினது மொலாசஸ்லதான், அதாவது சர்க்கரை காய்ச்சுறப்போ மிஞ்சுற பாகு. நியூ இங்கிலாந்துல ரம் காய்ச்ச கரீபியன் கடல்ல இருந்த பிரெஞ்சுத் தீவுகள்ல இருந்து மொலாசஸ் மலிவா வந்துச்சு, பிரிட்டிஷ் தீவுகள்ல இருந்த சர்க்கரைத் தோட்ட முதலாளிங்க பார்லிமென்ட்ல ஆள் பிடிச்சு 1733ல ஒரு கேலனுக்கு 6 பென்ஸ்னு வரி போட வச்சாங்க. யாரும் ஒழுங்கா கட்டல, கஸ்டம்ஸ் ஆளுக்கு கொஞ்சம் கொடுத்துட்டுப் போய்க்கிட்டே இருந்தாங்க. அமெரிக்காவுல வருஷத்துக்கு ஏதோ 2,000 பவுண்டு வசூல் பண்ண 8,000 பவுண்டு வரை செலவாச்சு. 1764ல வரியைப் பாதியாக் குறைச்சு 3 பென்ஸ் ஆக்கினாங்க, ஆனா அப்பதான் ஜனங்களுக்குக் கோபம் ஜாஸ்தியாச்சு, ஏன்னா ரேட்டைக் குறைச்சவங்க பிடியை இறுக்கிட்டாங்க. ஒவ்வொரு சரக்குக்கும் பாண்டு, பேப்பர். கேஸை ஜூரி இல்லாத கடல் வழக்கு கோர்ட்ல, இப்போ கனடாவுல இருக்குற ஹாலிஃபாக்ஸ்ல நடத்தலாம். சரக்கு நேர்மையா வந்ததுன்னு உரிமையாளர்தான் நிரூபிக்கணும், பிடிபட்ட சரக்கோட மதிப்புல பிடிச்சவனுக்கும் கவர்னருக்கும் ஆளுக்கு மூணுல ஒரு பங்கு. நம்ம 1962 கஸ்டம்ஸ் சட்டத்துலயும் 123வது பிரிவுல தங்கம் மாதிரி சிலதுக்கு நிரூபிக்குற பொறுப்பு சரக்கு வச்சிருக்கவங்க தலையிலதான் விழுது, அது எவ்வளவு கனமான பொறுப்புன்னு அனுபவப்பட்டவங்களுக்குத் தெரியும்.

1768ல பாஸ்டன் வியாபாரி ஜான் ஹான்காக்கோட லிபர்ட்டி கப்பலைப் பறிமுதல் பண்ணினப்போ பாஸ்டன்ல கலவரமே வந்துச்சு, அந்த வருஷமே பட்டாளம் வந்து இறங்குச்சு. 1773 தேயிலைச் சட்டத்தால தேயிலை விலை குறையத்தான் செஞ்சுது, ஆனா கிழக்கிந்தியக் கம்பெனி தான் பொறுக்கி எடுத்த ஏஜென்ட் வழியா நேரா வித்ததால உள்ளூர் வியாபாரி அவுட், ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் வரி அப்படியே நின்னுச்சு. டிசம்பர் 16ம் தேதி பாஸ்டன்ல இதை எதிர்த்தவங்க கப்பல்ல இருந்த சுமார் 340 பெட்டி தேயிலையைக் கடல்ல கொட்டிட்டாங்க.

சுதந்திரம் வாங்கின அமெரிக்கக்காரங்க என்ன செஞ்சாங்கன்னும் பாக்கணும். 1789ல அவங்களோட முதல் காங்கிரஸ், அதாவது அமெரிக்கப் பார்லிமென்ட், கப்பல் வரி போட்டப்போ சொந்த நாட்டுல கட்டின சொந்தக் கப்பலுக்கு டன்னுக்கு 6 சென்ட், வெளிநாட்டுக் கப்பலுக்கு 50 சென்ட். 1920 ஜோன்ஸ் சட்டப்படி அமெரிக்கத் துறைமுகத்துல இருந்து இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்துக்குச் சரக்கு போகணும்னா அமெரிக்காவுல கட்டின, அமெரிக்கர் வச்சிருக்குற கப்பல்லதான் போகணும். காங்கிரஸ்ல ஓட்டுப் போடுற உறுப்பினரே இல்லாத பியூர்ட்டோ ரிக்கோ தீவுக்கும் இது பொருந்தும். 2017ல மரியா புயல் அந்தத் தீவைப் புரட்டிப் போட்டப்போ இந்தச் சட்டத்துல இருந்து அவங்களுக்குக் கிடைச்ச விலக்கு 10 நாள்.